‘எங்கள் பள்ளி’ என்ற தலைப்பு வேண்டாம்

நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர்களுக்கு வணக்கம்.

‘எங்கள் பள்ளி’ என்று கரும்பலகையில் எழுதிக் கவிதை கேட்டால், நாற்பது தாளிலும் கல்விக்கோயிலும் அறிவொளியும்தான் வரும். பிள்ளைகளிடம் சொல்ல நிறைய இருக்கிறது. ஆண்டுவிழாவில் கேட்ட சொற்களைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம் என்று நினைத்து அதை மறைத்துக்கொள்கிறார்கள்.

தலைப்புக்குப் பதில் ஒரு பொருளையோ நேரத்தையோ கொடுங்கள்: கடைசி பெஞ்சு, வருகைப் பதிவேடு, சத்துணவு வரிசை, மணியடிக்கப் பத்து நிமிடம். மரம், பறவை போன்ற கருப்பொருளைக் காட்டி உணர்வைச் சொல்வது சங்க அகப்பாட்டின் வழி. அதைப் பாடமாக நடத்துகிறோம், எழுதச் சொல்லும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஒரு பாடவேளை போதும். முதல் பத்து நிமிடம், அங்கே கண்டதையும் கேட்டதையும் ஆறேழு வரி உரைநடையாக எழுதட்டும். பிறகு வேண்டாத சொற்களை அடித்துவிட்டு, வாய்விட்டுப் படித்து, மூச்சு நிற்கும் இடத்தில் வரியை உடைக்கட்டும். மகிழ்ச்சி, சோகம், பயம் ஆகிய மூன்று சொற்களுக்கும் அன்று விலக்கு. ‘கணக்கு என்றால் பயம்’ என்று எழுத வழியில்லாத பிள்ளை, ‘கணக்கு சார் படியேறும் சத்தம் / கூராக இருக்கும் பென்சிலை / மறுபடி சீவுகிறேன்’ என்று எழுதக்கூடும்.

எதுகையைக் கட்டாயமாக்காதீர்கள். ‘பள்ளி’க்குத் ‘துள்ளி’ வந்தாக வேண்டும் என்றால், அழுதுகொண்டே வரும் பிள்ளையும் துள்ளி வருவதாகத்தான் எழுதும். மதிப்பெண், சிவப்பு மை இரண்டும் வேண்டாம். ரகர றகரப் பிழைகளை வேறொரு நாள் பார்க்கலாம். வீட்டுப் பேச்சில் எழுதியிருந்தால் அப்படியே விடுங்கள்.

அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. வகுப்பிலும் அதுவே இருக்கட்டும். தாளின் பின்பக்கம் வருகை எண் மட்டும் போதும். அந்த எண் எதற்கு என்பதை எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: அடி, தொல்லை பற்றி இருந்தால் உதவி தேட. அப்படியொரு தாள் வந்தால் வகுப்பில் வாசிக்காமல் தனியே பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொல்லையாக இருந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு அந்தக் கடமை தீராது.

‘பள்ளி பிடிக்கவில்லை’ என்று எழுதிய பிள்ளையை எல்லார் முன்பும் ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வாரமே கல்விக்கோயில் திரும்பிவிடும். நாலைந்து தாள்களில் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை வந்தால், எண்களை மறைத்து அந்த வரிகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.