ரெண்டுக்கும் பேரு வீக்க மாத்திரைதான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தேவகோட்டையிலேர்ந்து எழுதுறேன். போன வாரம் உங்க பேப்பர்ல மூட்டுவலி பத்தி வந்த பக்கத்த ஒரு வரி விடாம படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அதுல 'வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை'ன்னு பொத்தாம்பொதுவா போட்டிருந்தீங்க. அந்த வார்த்தையில குழம்பித்தான் போன வருஷம் நான் படாத பாடு பட்டேன், இன்னொருத்தர் அப்படிப் படக்கூடாதுன்னுதான் இந்த லெட்டர்.

எனக்கு 11 வருஷமா அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெருங்குடல் புண்ணுன்னு சொல்லலாம், இரைப்பையில வர்ற அல்சர் வேற, இது வேற. பெருங்குடலோட உள்சவ்வு வீங்கிப் புண்ணாகி ரத்தமும் சளியுமா போகும், எனக்கு மோசமான நாள்ல பத்துப் பன்னெண்டு தடவ. எங்க செட்டிநாட்டு வீடுங்க எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியும், முகப்புல உக்காந்திருந்தா வளவு தாண்டி ரெண்டாங்கட்டு தாண்டி அடுப்படி தாண்டி கொல்லைக்கு ஓடணும், அது எவ்வளவு தூரம்னு இந்த நோய் வந்தவங்களுக்குத்தான் தெரியும். மொத எட்டு மாசம் மூலம்னே நெனச்சு கருணைக்கிழங்கும் லேகியமுமா சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன், வெளிய சொல்லவும் கூச்சம். கடசியில மதுரைக்குப் போயி, குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற கொலனாஸ்கோப்பி பண்ணித்தான் இன்னதுன்னு தெரிஞ்சுச்சு.

அங்க எழுதிக் கொடுத்தது மெசலமைன். "குடல் வீக்கத்தக் குறைக்கிற மாத்திரைம்மா, ரத்தம் நின்னாலும் நிறுத்தக்கூடாது"ன்னு டாக்டர் சொன்னாங்க. நாலஞ்சு வாரத்துல ரத்தம் நின்னுச்சு. ஆனா மூணாவது வருஷம், நல்லாத்தானே இருக்கோம்னு நானா ரெண்டு மாசம் விட்டுட்டேன், திரும்ப வந்துருச்சு. சுகர் மாத்திரை மாதிரி இதும் நல்லா இருக்கும்போதும் போட வேண்டியது, அப்பதான் நல்லா இருக்கும். அதுக்கப்புறம் ஒரு வேளை கூட விட்டதில்ல.

இப்ப போன வருஷத்துக் கதைக்கு வர்றேன். கானாடுகாத்தான்ல என் தம்பி மக கல்யாணம், பத்து நாளா நின்னுக்கிட்டே வேலை, பணியாரமும் சீயமும் சுட்டு, ஏறி எறங்கி, வலது முழங்கால் பப்பாளி மாதிரி வீங்கிருச்சு. ஒரு மெடிக்கல்ல போயி கேட்டேன், கடைத்தம்பி "வீக்கத்துக்கு மாத்திரை தர்றேன் ஆச்சி, ரெண்டு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க"ன்னு டைக்ளோஃபினாக் கொடுத்துச்சு. வேற என்ன மாத்திரை போடுறீங்கன்னு அது கேக்கல, நானும் சொல்லல. எனக்கு மனசுல என்ன ஓடுச்சுன்னா, நாம ஏற்கனவே போடுறதும் வீக்க மாத்திரை, இதுவும் வீக்க மாத்திரை, ஒண்ணுக்கு ரெண்டா நல்லதுதானேன்னு. அஞ்சாம் நாள் கல்யாண வீட்டுல ரத்தம். பத்தாம் நாள் காய்ச்சலோட மதுரையில அட்மிஷன்.

டாக்டர் அப்புறம் வெளக்குனது இதுதான். மெசலமைன் பெருங்குடலுக்குப் போயி உள்சவ்வு மேல நேரா பட்டு அங்கயே வேலை செய்யுற மருந்து. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நேப்ராக்ஸென் இதெல்லாம் ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகும், போயி புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரக்குறதத் தடுக்கும். வலியும் வீக்கமும் அதனாலதான் குறையுது, ஆனா குடல் சவ்வப் பாதுகாக்குறதும் அதே சுரப்புதான், கிட்னிக்கு ரத்த ஓட்டம் சரியா போறதுக்கும் அது வேணும். அதனால அடங்கிக் கெடக்குற குடல் புண்ணு இந்த வலி மாத்திரையால சிலருக்குக் கெளம்பிரும். மெசலமைன் போடுறவங்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கு, அபூர்வமா அதுவே கிட்னியப் பாதிக்கலாம், அதோட வலி மாத்திரையும் சேந்தா கிட்னிக்கு ரெட்டைச் சுமை. முழங்கால் வலிக்கு எனக்கு இப்ப பாராசிட்டமால்தான், அதும் சொன்ன அளவோட.

கிட்னி பத்தி சொன்னதால இதையும் எழுதிர்றேன். மெசலமைன் ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு தடவ, ஆரம்பிச்சு சில மாசத்துல ஒரு தடவ, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவயாவது ரத்தத்துல கிரியாட்டினின் பாக்கணும், யூரினும் பாக்கணும். கிட்னி கெடுறது வெளிய தெரியாது, வலிக்காது, டெஸ்ட்லதான் தெரியும். பழைய சீட்டக் காட்டியே வருஷக்கணக்கா மாத்திரை வாங்கிட்டு டாக்டர்கிட்ட தலையே காட்டாதவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க, அவங்கள நெனச்சுத்தான் பயமா இருக்கு. தண்ணியும் நெறைய குடிக்கணும், இந்த மருந்தால சிலருக்குக் கல்லு கூட உருவாகும், எங்க ஊரு கத்திரி வெயில்ல பேதியும் சேந்து போச்சுன்னா உடம்புல தண்ணியே இருக்காது.

அடுத்தது மாத்திரைய இடிக்கிறது. பள்ளத்தூர்ல எங்க அயித்தை ஒருத்தங்களுக்கும் இதே நோய், வயசானவங்க, மாத்திரை பெருசா இருக்கு முழுங்க முடியலன்னு மருமக அத நுணுக்கி வாழைப்பழத்துல வெச்சுக் கொடுத்திருக்கு. பாசத்துல செஞ்சதுதான், பாவம். ஆனா அந்த மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கு, சிறுகுடல் முடியுற எடத்துல புளிப்புத்தன்மை கொறைஞ்சாத்தான் அது கரையும், அங்கதான் மருந்து வெளிய வரணும். இடிச்சா மேலயே கரைஞ்சு ரத்தத்துல ஏறிரும், புண்ணு இருக்குற எடத்துக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். ரெண்டு மாசமா மருந்து சாப்பிட்டும் ஏன் கேக்கலன்னு டோஸக் கூட்டப் போனப்பதான் இது வெளிய வந்துச்சு. முழுங்க முடியாதவங்களுக்கு குருணை மாதிரி பாக்கெட்ல வருது, மெல்லாம தண்ணியோட முழுங்கலாம், டாக்டர்கிட்ட கேட்டா மாத்தித் தருவாங்க. மலத்துல மாத்திரையோட வெறும் தோடு மட்டும் வந்தா பயப்பட வேணாம், முழு மாத்திரையாவே அடிக்கடி வந்தா சொல்லியே ஆகணும்.

புதுசா ஆரம்பிக்குறவங்களுக்கு ஒண்ணு. மொத சில வாரத்துலயே வயித்து முறுக்கு, காய்ச்சல், தலைவலி, பேதி ஜாஸ்தியானா நோய்தான் முத்துதுன்னு நெனச்சுறாதீங்க, சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்காம அப்படி ஆகும். உடனே டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க. ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தா முன்கூட்டியே சொல்லணும், ஆஸ்பிரினும் மெசலமைனும் ஒரே குடும்பத்து மருந்து. பிளீச்சிங் பவுடர் போட்ட கக்கூஸ்ல யூரின் பட்டதும் செவப்பா பழுப்பா மாறுனா அது ரத்தம் இல்ல, மருந்தும் பிளீச்சும் சேர்றதால வர்ற நெறம். நான் மொத தடவ பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல.

சிலருக்கு மெசலமைனுக்குப் பதிலா சல்ஃபாசலஸைன் கொடுப்பாங்க, வெல கம்மி. சுவீடன்ல நன்னா ஸ்வார்ட்ஸ்னு ஒரு டாக்டரம்மா மூட்டுவாதத்துக்குன்னு கொண்டுவந்த மருந்து அது, குடலுக்கும் கேக்குதுன்னு 1940கள்லயே தெரிஞ்சிருக்கு. குடல்ல இருக்குற கிருமிங்க அத ரெண்டா உடைக்கும்போது வெளிய வர்றதுதான் மெசலமைன். மூட்டு வீக்கம், குடல் வீக்கம் ரெண்டுக்கும் ஆகுற மருந்தும் இருக்கு, ஒண்ண ஆத்தி இன்னொண்ணக் கெளப்புற மருந்தும் இருக்கு, நம்மளா எப்படிக் கண்டுபிடிக்க முடியும் சொல்லுங்க. சல்ஃபா அலர்ஜி இருக்குறவங்களுக்கு சல்ஃபாசலஸைன் ஆகாது. ஃபோலிக் ஆசிட் சேத்து எழுதியிருந்தா அது வெறும் சத்து மாத்திரைதானேன்னு விட்றக்கூடாது. ஆம்பளைங்களுக்கு இந்த மருந்தால விந்தணு கொறையலாம், வேற மருந்துக்கு மாத்துனா சரியாயிரும், இத யாரும் வாய விட்டுச் சொல்றதில்ல.

போன வருஷம் மதுரையில அட்மிட் ஆனப்ப எனக்கு ஸ்டீராய்டு கொடுத்தாங்க, 40 மி.கி. பிரெட்னிசோலோன்ல ஆரம்பிச்சு வாரம் 5 மி.கி.யா கொறைச்சாங்க. மூஞ்சி உப்புச்சு, சுகர் ஏறுச்சு, தூக்கம் போச்சு. வெறுத்துப் போயி நடுவுல நிறுத்தலாமான்னு இருந்தேன், நர்சம்மாதான் சத்தம் போட்டாங்க. வெளியேர்ந்து ஸ்டீராய்டு வரும்போது உடம்பு தானா சுரக்குறத நிறுத்திருமாம், பட்டுனு விட்டா பிபி எறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு மாத்திரையக் கொறைக்கிறது கூட டாக்டர் சொல்லித்தான்.

மாத்திரை அட்டையில செவப்புக் கோடு போட்டிருந்தா சீட்டு இல்லாம கொடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். நான் வாங்குன வலி மாத்திரை அட்டையிலயும் அந்தக் கோடு இருந்துச்சு, அர்த்தம் எனக்கு அப்பத் தெரியாது. கடைக்காரங்கள மட்டும் கொறை சொல்லல, ஆனா "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க"ன்னு கேக்க அர நிமிஷம்கூட ஆகாது. நான் இப்ப என் மருந்துப் பேரெல்லாம் தமிழ்ல ஒரு அட்டையில எழுதி பர்ஸ்ல வெச்சிருக்கேன், பல்லு டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல அதத்தான் நீட்டுறேன்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். அடுத்த தடவ மூட்டுவலிக்கோ இடுப்புவலிக்கோ மாத்திரை பத்தி போடும்போது, குடல் புண்ணுக்கும் கிட்னிக்கும் மருந்து சாப்பிடுறவங்க டாக்டரக் கேக்காம இதப் போடக்கூடாதுன்னு ஒரு வரி, கொஞ்சம் பெரிய எழுத்துல, அந்தப் பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை