பாப்பா 31 என்று எழுதியதைப் பற்றி

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்குக் கால் வலி இப்போது தேவலை, காலையில் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருகிறார். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் ‘மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஆற அமரப் படி, வளர்மதியிடமும் கொடு. குறை சொல்கிறேன் என்று அவள் நினைக்க வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கிடந்தவள், பேத்தி நோட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டீச்சர் ‘தேர்ட்டீன்’ என்று சொன்னதற்கு பாப்பா 31 என்று எழுதியிருக்கிறாள். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. ‘நம்பரே தெரியலம்மா இவளுக்கு’ என்று நீ புலம்பியிருக்கிறாய். தெரியாமல் இல்லை ஐயா. காதில் விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறாள். இங்கிலீஷில் அந்தச் சொல்லில் மூன்று முதலில் வருகிறது, பத்து பின்னால் வருகிறது. நம் பதிமூன்றில் பத்து முன்னால், மூன்று பின்னால். எழுதுகிற வரிசையும் அதுதான். வீட்டில் பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை தமிழில் சொல்ல வை. ‘பதிமூன்று என்றால் பத்தும் மூன்றும்’ என்று பத்து புளியங்கொட்டையை ஒரு குவியலாகவும் மூன்றைத் தனியாகவும் வைத்துக் காட்டிவிட்டு, அப்புறம் இங்கிலீஷ் பெயரைச் சொல். இங்கிலீஷ் மீடியப் பிள்ளை தமிழில் எண்ணினால் குழம்பிவிடும் என்று வளர்மதி பயப்படுகிறாளாம். இந்தக் குழப்பம் தீர அதுதான் வழி. தொண்ணூறு வரும்போது மட்டும் தமிழும் கொஞ்சம் காலை வாரும். காதில் ‘நூறு’ என்று விழுவதால், எண்பத்தொன்பதுக்கு அப்புறம் சில பிள்ளைகள் நேரே நூறுக்குத் தாவிவிடும். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் கீழே இன்னொன்று பார்த்தேன். 8 = 5 + என்று போட்டு ஒரு கட்டம். பாப்பா கட்டத்தில் 13 எழுதியிருக்கிறாள். இதுவும் கவனக்குறைவு இல்லை. இதுவரை அவள் பார்த்த கணக்கிலெல்லாம் சமக்குறி கடைசியில்தான் வந்திருக்கும். அதனால் அந்தக் குறிக்கு ‘கூட்டி விடை எழுது’ என்று அவளாகவே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டாள். கண்ணில் பட்ட எட்டையும் ஐந்தையும் கூட்டினாள். கூட்டல் சரியாக இருக்கிறதா இல்லையா, பார். இரண்டு தட்டு எடுத்துக்கொள். ஒன்றில் எட்டு கொட்டை, இன்னொன்றில் ஐந்து. ‘ரெண்டு தட்டிலும் ஒரே அளவு ஆகணும், இதில் இன்னும் எத்தனை போடணும்?’ என்று கேள். போட்டு முடித்த பிறகு, அந்தத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு காகிதத்தில் சமக்குறியை எழுதி வை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தப்பைப் பார்த்ததும் அழிரப்பரை எடுக்காதே. ‘எப்படி இந்த விடை வந்துச்சு, எனக்கும் சொல்லிக் கொடு’ என்று கேள். அதட்டலாகக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். சும்மா கதை கேட்கிற மாதிரி கேட்டால் அவளே விளக்கிக்கொண்டு வருவாள். பாதி நேரம் விளக்கும்போதே ‘அச்சச்சோ’ என்று திருத்திக்கொள்வாள்.

விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடாதே. எண்ணட்டும். 8-உடன் 3 கூட்டும்போது ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுகிறாளா, எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே போகிறாளா என்பதை மட்டும் கவனி. இரண்டாவது வழிக்கு வந்துவிட்டால் விரல் தானாக மடங்கிவிடும். அதற்கு நல்ல விளையாட்டு தாயம். ஒரு கட்டையில் 3, இன்னொன்றில் 2 விழுந்தால், ஐந்து என்று சொல்லிவிட்டுத்தான் காயை நகர்த்த வேண்டும் என்று சட்டம் போடு. உன் ஆச்சியிடம் நீ அப்படித்தான் கூட்டல் படித்தாய். அவளை ஏமாற்றி ஒரு கட்டம் கூடத் தள்ளி வைக்கவும் அங்கேதான் படித்தாய், அது வேறு கதை.

இனி வாசிப்பு. வீடியோவில் ‘கோழி’யை ‘கேழி’ என்று வாசிக்கிறாள், நீ பின்னால் நின்று ‘கோழி, கோழி’ என்று கத்துகிறாய். கத்தினால் உன் குரலைக் கேட்டுத் திருப்பிச் சொல்வாள், எழுத்தைப் பார்க்க மாட்டாள். அவள் கண் எங்கே போகிறது என்று யோசி. இடமிருந்து வலமாக வருகிறாள். இரட்டைக் கொம்பு இருக்கிறது, க இருக்கிறது, கே ஆகிவிட்டது. வலப்பக்கம் இருக்கிற காலை அவள் இன்னும் அந்த எழுத்தோடு சேர்க்கவில்லை. ஒகர, ஓகார வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் தடுக்குகிற இடம் இது. மூன்று துண்டு அட்டை வெட்டு: ஒன்றில் கொம்பு, ஒன்றில் க, ஒன்றில் கால். காலை வைத்தும் எடுத்தும் கே, கோ, கே, கோ என்று நாலு தடவை மாற்றிக் காட்டு. அப்புறம் நடு அட்டையை மட்டும் மாற்று: தோ, போ, மோ.

247 எழுத்தையும் வரிசையாக எழுத வைப்பதாகச் சொன்னாய். வேண்டாம். பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு உயிரும், அவை சேரும் விதமும் பிடிபட்டால், 216 உயிர்மெய்யில் பெரும்பாலானவற்றை அவளே கட்டிக்கொள்வாள். உகரம், ஊகாரம்தான் அடம்பிடிக்கும். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயல். அவற்றை மட்டும் சொற்களோடு பழக்கு.

‘மரத்தில் குருவி இருந்தது’ என்று இருப்பதை ‘மரத்துல குருவி இருந்துச்சு’ என்று வாசித்தால் உடனே மறிக்காதே. அர்த்தம் புரிந்து வாசிக்கிறாள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வரி முடிந்ததும், ‘புஸ்தகத்துல எப்படிப் போட்டிருக்கான்?’ என்று ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொன்னால் போதும்.

புத்தகம் மட்டும்தான் வாசிப்பு என்றில்லை. பஸ்ஸில் போகும்போது போர்டைக் காட்டு. ‘உக்கடம்’ என்பதில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கென்றே வைத்த பெயர். உங்கள் ‘வடவள்ளி’யில் கடைசி எழுத்து ஒன்றுதான் வளையும். ‘காந்திபுரம்’ அடுத்த மாதம் வரட்டும்.

தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம், இரவு ஒன்பது வரை அழுகை என்கிறாய். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் மத்திய அரசும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. இந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அப்போது அதில் சொல்லியிருந்தார்கள். பாப்பா பையை ஒருநாள் நிறுத்துப் பார். போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. டீச்சரிடம் தனியாக, ‘அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்கிறாள், முடிந்த வரை செய்து அனுப்புகிறேன்’ என்று சொல். அந்தப் பெண்ணுக்கும் மேலே இருந்து நெருக்கடி இருக்கும்.

அடுத்த வீட்டுப் பையன் இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறான் என்றெல்லாம் ஒப்பிடாதே. சின்னப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கணக்குக்கும் மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டத்தில், ஒன்றாம் வகுப்பு முடிவில் நாலைந்து எளிய சொற்கள் உள்ள சின்ன வாக்கியத்தை வாசித்தால் போதும், எண் 99 வரை தெரிந்தால் போதும் என்றுதான் இலக்கே வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்து எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் இருக்கிற இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பாப்பாவுக்கு இன்னும் ஆறு மாதம் முழுசாகக் கிடக்கிறது.

நேரம் என்று கேட்டால், சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம். ஒருநாள் நீ, ஒருநாள் வளர்மதி. இருவரும் சேர்ந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேள்வி கேட்காதீர்கள், பாவம். தூக்கம் வந்தால் விட்டுவிடு.

அடுத்த வாரம் மாமா கோயம்புத்தூர் வருகிறார். அவரிடம் பழைய பல்லாங்குழியும், கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை ஒரு பையும், தாயக்கட்டையும் கொடுத்து விடுகிறேன். கொட்டையை வாயில் போடாமல் பார்த்துக்கொள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மேல் போன் போட்டு, பாப்பாவை எனக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல். நடுவில் நீ சொல்லிக் கொடுக்கக் கூடாது.

அன்புடன்,
அம்மா