ஒலிக்காத சைரன்: கீசெயின் பாதுகாப்புக் கருவி குறித்த புகார்க் கடிதம்

அனுப்புநர்:
மேலாளர்,
பணிபுரியும் மகளிர் விடுதி,
பீளமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தாங்கள் விற்ற 30 கீசெயின் சைரன்களில் பாதிக்கு மேல் பழுதானது, பணத்தைத் திருப்பித் தருவது, அதே கருவியை வாங்கிய மற்றவர்களை எச்சரிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் விடுதிப் பெண்களுக்காகத் தங்கள் இணையதளத்தில் 30 கீசெயின் சைரன்கள் வாங்கினோம். ஒன்று ₹499, மொத்தம் ₹14,970. வாங்கி ஐந்து மாதம் ஆவதற்குள் பாதிக்கு மேல் ஊமையாகிவிட்டன. மீதி எப்போது ஊமையாகும் என்று எனக்கும் தெரியாது, தங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது.

இதை நாங்கள் விளம்பரத்தில் மயங்கி வாங்கவில்லை. இங்கே தங்கியிருப்பவர்களில் மருத்துவமனை நர்சுகள் உண்டு, சரவணம்பட்டியில் இரவுப் பணி பார்க்கும் ஐ.டி. ஊழியர்கள் உண்டு, கல்லூரி ஆசிரியைகளும் உண்டு. பையில் எதை வைத்துக்கொள்வது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். சிலர் பெப்பர் ஸ்பிரே போதும் என்றார்கள். எதிர்க்காற்று வீசினால் அது அடித்தவர் கண்ணுக்கே திரும்பும். ஆட்டோவுக்குள் அடித்தால் இருவருக்கும் சரிபாதி. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். விசில் மலிவு, பேட்டரியும் தேவையில்லை. ஆனால் பயத்தில் வாய் உலர்ந்துபோனால் ஊத மூச்சு வராது என்று ஒரு நர்ஸ் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கைப்பேசியில் 112-ஐ அழைக்கலாம். 2017 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளில் அவசர பட்டன் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசே விதி போட்டிருக்கிறது. இருந்தாலும் போலீஸ் வந்து சேரும்வரை அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமே! பின்னைப் பிடுங்கினால் அலறும், திரும்பச் செருகும்வரை ஓயாது, குறி பார்க்க வேண்டியதில்லை என்பதால் சைரனைத் தேர்ந்தெடுத்தோம். சைரன் என்ற முடிவு சரிதான் என்று இன்றும் சொல்வேன். தாங்கள் அனுப்பியது சைரன்தானா என்பதில்தான் சந்தேகம்.

சென்ற மாதம் இரவுப் பணி முடிந்து வந்த எங்கள் பெண் ஒருவரை, பஸ் நிறுத்தத்திலிருந்து ஒருவன் பைக்கில் பின்தொடர்ந்திருக்கிறான். தெரு திரும்பும் இடத்தில் அவன் வண்டியைக் குறுக்கே நிறுத்தியதும் இவர் பின்னைப் பிடுங்கியிருக்கிறார். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் வந்து, அதுவும் இரண்டு நொடியில் அடங்கிவிட்டது. எதிரே ஒரு மருந்துக் கடை திறந்திருந்தது, உள்ளே ஓடிவிட்டார். அந்தக் கடை பத்தரை மணிக்கெல்லாம் மூடிவிடும் கடை. அன்று கணக்கு முடிக்கத் தாமதமானதால் ஷட்டர் பாதி திறந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் விடுதியில் இருந்த எல்லா சைரன்களின் பின்னையும் பிடுங்கிப் பார்த்தோம். சத்தமே வராத இரண்டை எங்கள் வட்டாரத்து வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சின்ன நட்சத்திர ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே எல்ஆர் 44 வகைப் பட்டன் பேட்டரிகள் மூன்று. ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பின் செருகும் இடத்தில் இருந்த செப்புத் தகட்டில் பச்சைக் களிம்பு. ஒரு தகடு வளைந்து, பின்னைப் பிடுங்கினாலும் மற்றதைத் தொடாத தூரத்தில் நின்றது. "பேட்டரி கசிஞ்சிருக்குங்கம்மா. இது கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பழசு" என்றார். புதுப் பேட்டரி போட்டுத் தகட்டைச் சுரண்டிக் கொடுத்ததும் ஒன்று அலறியது. கூலி வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பரிவில் கால்வாசி தங்கள் வாடிக்கையாளர் சேவையில் கிடைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

போனில் பேசியவர், பழுது இருந்தால் பொருள் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார். சரி, முதல் வாரத்தில் ஒலித்தது. ஐந்தாம் மாதம் ஒலிக்கவில்லை. இதை ஏழாம் நாளில் எப்படிச் சொல்வது? அவ்வப்போது சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று அடுத்த கேள்வி கேட்டார். தாங்கள் பெட்டிக்குள் வைத்திருக்கும் துண்டுச் சீட்டை அவருக்குப் படித்துக் காட்டினேன்: "அடிக்கடி ஒலிக்கவிட்டுச் சோதிக்க வேண்டாம், பேட்டரி தீர்ந்துவிடும்." சோதிக்காமல் வேலை செய்கிறதா என்று தெரியாது; சோதித்தால் வேலை செய்யாமல் போகும். பேட்டரி குறைந்தால் எரியும் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. டார்ச் விளக்கு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அந்த இடத்தை டார்ச்சுக்குக் கொடுக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

அடுத்து, பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் '140 டெசிபல்' என்ற ஒலி அளவு. எத்தனை தூரத்தில் அளந்தது என்று எங்கும் இல்லை. எங்கள் விடுதியில் இயற்பியல் ஆசிரியை ஒருவர் இருப்பது தங்கள் துரதிர்ஷ்டம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கருவியிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் 140 என்றால் ஒரு மீட்டரில் 100, பத்து மீட்டரில் 80. அவிநாசி சாலையில் பஸ்களின் ஹாரனுக்கு நடுவே அந்த 80 யார் காதில் விழும்? பட்டாசுக்குக்கூட, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று தூரத்தோடு சேர்த்துத்தான் 1999-இல் அரசு வரம்பு வைத்தது. உயிருக்குத் துணை என்று விற்கும் பொருளுக்கு அந்த ஒழுங்கு வேண்டாமா? இன்னொன்றும் கேட்கிறேன். கையில் பிடித்திருப்பவர் காதிலேயே 140 டெசிபல் விழுமானால் செவித்திறனே கெடும். அதற்கான எச்சரிக்கை பெட்டியில் இருக்க வேண்டும். எச்சரிக்கை இல்லை. அதற்குப் பதிலாகப் பள்ளிச் சிறுமி ஒருத்தி சைரனைக் காதருகே பிடித்துச் சிரிக்கும் படம் இருக்கிறது.

பெட்டியில் தயாரித்த மாதம், ஆண்டு இல்லை. இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி இவை கட்டாயம். தேதி இருந்திருந்தால் பேட்டரியின் வயது எங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்தில் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இணையதளம் வழியாக நான் அனுப்பிய புகாருக்கு இரண்டுமே நடக்கவில்லை. ஆகவே பதிவுத் தபாலில் இதை அனுப்புகிறேன்.

₹14,970 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுக் கருவி வேண்டாம்; அதையும் எப்படி நம்புவது? எங்களோடு இதே தொகுப்பிலிருந்து வாங்கிய எல்லோருக்கும், பேட்டரி கசிந்திருக்கக்கூடும், உடனே பாருங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அவர்களின் எண்கள் தங்களிடம் இருக்கின்றன. தள்ளுபடி விற்பனைச் செய்தி எங்களுக்கு வாரந்தோறும் தவறாமல் வருகிறதே. பணத்தைவிட இதைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன். அளந்த தூரத்தைச் சொல்லும்வரை '140 டெசிபல்' என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. கழற்றிய இரண்டு கருவிகளும் கசிந்த பேட்டரிகளும் உறையில் இட்டு முத்திரையோடு என்னிடம் இருக்கின்றன. பில் நகல், பெட்டியின் படங்கள், துண்டுச் சீட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
விடுதி மேலாளர்