நரைத்த முடியோடும் செய்தி வாசிக்கட்டும்

செய்தித் தொலைக்காட்சிகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். பல வருடம் டெஸ்க்கில் உட்கார்ந்து புல்லட்டின் எழுதியவள் நான். நான் எழுதியதை வாசித்த பெண்கள் பலர் நாற்பதைத் தாண்டியதும் திரையிலிருந்து காணாமல் போனார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆண்களுக்கும் நரை விழுந்தது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் அனுபவம்.

ஒரு நாள் ஒரு வழக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தபோது, வாசிக்க வேண்டிய வரிகளைத் திரையில் காட்டும் ப்ராம்ப்டர் நேரலையில் நின்றுபோனது. வரவேண்டிய காட்சியும் வரவில்லை. வாசித்துக்கொண்டிருந்த அக்காவின் காதில், "இழுத்துப் பேசுங்க, இழுத்துப் பேசுங்க" என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து கத்துகிறார்கள். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. அந்த வழக்கு எப்போது தொடங்கியது, யார் சாட்சி சொன்னார், எந்த நீதிமன்றம் என்ன சொன்னது என்று நான்கு நிமிடம் நினைவிலிருந்தே பேசினார். இருபது வருடம் களத்தில் நின்றதால் வந்த நினைவு அது. மறு வருடம் அவரைக் காலை நேர நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். அப்புறம் அதுவும் இல்லை.

இது எங்கும் நடப்பதுதான். 1981இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கிறிஸ்டின் கிராஃப்ட் வாசிப்பாளர் இடத்திலிருந்து இறக்கப்பட்டார். வயது கூடிவிட்டது, அழகு போதாது, ஆண்களுக்குப் பணிந்து போவதில்லை என்று தன்னிடம் சொன்னதாக வழக்குப் போட்டார். ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. பிபிசிக்கு எதிராக அதன் நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த மிரியம் ஓ'ரெய்லி 2011இல் வயதுப் பாகுபாட்டு வழக்கில் வென்றார். 2022இல் கனடாவின் சிடிவி தொலைக்காட்சி, 35 வருடம் உழைத்த செய்தி வாசிப்பாளர் லிசா லஃப்ளாமை வேலையிலிருந்து அனுப்பியபோது அதை வணிக முடிவு என்றது. தலைக்குச் சாயம் பூசுவதை அவர் நிறுத்தி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

பார்வையாளர் விரும்புவதில்லை என்பீர்கள். சரி, ஆஸ்திரேலியாவில் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிச் ஒரே நீலக் கோட்டை ஒரு வருடம் போட்டு வந்தார். அவரே 2014இல் சொல்லும்வரை யாரும் கவனிக்கவில்லை. அவரோடு சேர்ந்து தொகுத்த பெண்ணின் உடைக்கோ ஓயாத விமர்சனம். அந்தப் பார்வையை வளர்த்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது இவ்வளவுதான். பெண்ணின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஆணுக்குப் பார்க்கும் அதே கணக்கைப் பாருங்கள். ஐம்பது வயதுப் பெண்ணை மருத்துவக் குறிப்பு நிகழ்ச்சியோடு நிறுத்தாதீர்கள். அமைச்சரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்க அவரை அனுப்புங்கள். அடுத்த தேர்தல் முடிவு நாளில் நடு நாற்காலியை அவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் செய்தித் துணை ஆசிரியர்