மந்தைக்கு அடுத்த 60 சென்ட்: பங்குனி 10க்குள் 7,15,000 ரூபாய் தேவை

ஊர்ப் பெரியோர்களுக்கும், பிழைப்புக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் ஊர்க் கமிட்டி வணக்கத்துடன் எழுதுவது.

ஊர்ப் பொதுவெளியான மந்தைக்கும் அய்யனார் கோயிலுக்கும் நடுவே இருக்கும் 60 சென்ட் புஞ்சையை ஊருக்காக வாங்க ஒப்பந்தம் போட்டு, 3 லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறோம். கெடு பங்குனி 10. ஒருமுறை கேட்டு நீட்டித்தாயிற்று; இன்னொரு முறை கேட்க எங்களுக்கு வாய் வராது. அதற்குள் கிரயம் முடியாவிட்டால் முன்பணமும் போகும், நிலமும் மனை போடுகிறவர்கள் கைக்குப் போகும்.

"மந்தை புறம்போக்குத்தானே, யார் தொட முடியும்?" என்று பலர் கேட்கிறார்கள். மந்தை புறம்போக்குதான். ஊர்ப் பொதுநிலத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று கொடுத்த தீர்ப்பு எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். ஜனவரி 26 கிராம சபையிலும் மந்தையை அளந்து கல் நடத் தீர்மானம் போட்டாயிற்று. ஆனால் இந்த 60 சென்ட் பட்டா நிலம். அந்தத் தீர்ப்பு இதற்குக் காவல் நிற்காது. காட்டுப்பக்கத்து மழைத்தண்ணீர் இதன் வழியாகத்தான் ஊருணிக்கு வருகிறது; சர்வே புலப்படத்தில் அந்தத் தண்ணீர் வரத்துக்கு ஒரு கோடுகூடக் கிடையாது. நாளைக்கு மண்ணடித்து மேடாக்கினால் எந்த ஆபீசில் போய் எதைக் காட்டுவோம்?

மனை போட்டாலும் பூங்காவுக்கு இடம் விடுவார்களே என்று ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பத்து சதவீதம் திறந்தவெளி விடவேண்டும் என்ற விதி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்குத்தான். 60 சென்ட் என்பது சுமார் 2,430 சதுர மீட்டர். பூங்காவுக்கென்று ஒரு சாண் இடமும் விடவேண்டியதில்லை.

மந்தையின் அருமையைப் பெரியவர்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் ஊர் கூடி வெட்டியது இந்த ஊருணி. வெட்டிய மண்ணைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் போட்ட கரையில்தான் இன்றைக்கு நாம் பைக் ஓட்டிப் போகிறோம். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த கீதாரிகள் ஆடுகளை மடக்கி இளைப்பாறியது இங்கே. கதிரடித்தது, பஞ்சாயத்துப் பேசியது, மஞ்சுவிரட்டுக்கு மாடு அவிழ்த்தது எல்லாம் இங்கேதான். தொழுவை விட்ட மாடு நேரே பாய்ந்து ஓடியது இந்தப் புஞ்சை வழியாக. புரவியெடுப்புத் திருவிழாவில், மண்குதிரை செய்யும் வேளார் வீட்டிலிருந்து குதிரைகளைத் தோளில் சுமந்து வந்து, மந்தையில் இறக்கிவைத்துக் கும்பிட்டு, மறுபடி தூக்கிக் கோயிலுக்குப் போவதும் இதே வழிதான். அங்கே காம்பவுண்டு சுவர் எழுந்துவிட்டால் அய்யனார் குதிரை எந்தச் சந்தில் நுழைந்து போகும்?

கணக்கு: சென்ட் 25,000 வீதம் நிலத்துக்கு 15,00,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 1,05,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 30,000. பத்திரம் எழுத, அளக்க 20,000. கல்லுக்கால் ஊன்றிக் கம்பிவேலி போட 1,80,000. ஆக 18,35,000. முன்பணத்தையும் சேர்த்து இதுவரை வசூல் 11,20,000.

பத்திரம் ஊர் அறக்கட்டளை பெயரில் பதிவாகும்; விற்கவோ பங்கு பிரிக்கவோ கூடாது என்று அறக்கட்டளைப் பத்திரத்திலேயே இருக்கிறது. ஐந்து பெரியவர்கள் பெயரில் எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெரியவர்கள் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் பங்கு கேட்டு நிற்கும் கதை சுற்றுப்பட்டில் எத்தனையோ உண்டு, அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. முதலில் நிலத்துக்காரர் குடும்பம். சென்ட் 40,000க்கு ஆள் வந்து நின்றும், "முதல்ல ஊருக்கு" என்று சொன்ன மனசை மறக்க முடியாது. சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்து மாதாமாதம் அனுப்பிய தம்பிகள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் போனஸில் எடுத்துக் கொடுத்த 62,000, மகளிர் குழுக்கள், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து முதல் பென்ஷனை அப்படியே நீட்டியவர், உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொட்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கூலி வாங்காமல் இரண்டு நாள் சீமைக்கருவேலம் வெட்டிய இளவட்டங்கள், அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிய வடக்குத் தெரு அக்காமார்கள் என எல்லோரையும் அய்யனார் குறைவில்லாமல் வைத்திருப்பார்.

சரி, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் மீதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு 3,000 என்று ஊர் கூடித்தான் முடிவு செய்தோம். மொத்தம் 286 தலைக்கட்டு. கொடுத்தது 171. மீதி 115 வீட்டில் முடியாதவர்கள் சிலர் உண்டு. அவர்களை நாங்கள் நெருக்கவில்லை, வேறு நான்கு பேர் அவர்கள் பங்கையும் ஏற்கத் தயாராக இருக்கிறார்கள். காதுகுத்துக்கு ஊர் எல்லையிலிருந்தே ப்ளெக்ஸ் வைத்தவர்களைத்தான் கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பந்தலும் இதே மந்தையில்தான் போட்டீர்கள்.

இந்த வரி பாக்கி மட்டும் 3,45,000. அது வந்துவிட்டால் வெளியூர்ச் சொந்தங்களிடம் நாங்கள் கேட்பது 3,70,000தான். மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வருவீர்கள்; அன்று இரவு முழுக்கக் கோயில் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். வரமுடியாதவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கும் அறக்கட்டளை வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். வருமான வரிச் சலுகை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. கொடுத்தவர், கொடுக்காதவர் இரண்டு பட்டியலும் பங்குனி முதல் தேதி மந்தையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
ஊர்க் கமிட்டியார்