செடியை வெட்டிவிட்டுப் புழுவை மட்டும் போடாதீர்கள்

உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தமிழ்நாட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிகளையும் புழுக்களையும் பதிவிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் அங்கே பெரும்பாலும் செடிகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பவன். உங்கள் பக்கம் வருவதற்கு ஒரே காரணம், நீங்கள் படமெடுக்கும் புழு எப்போதும் ஏதோ ஒரு இலையில்தான் இருக்கிறது. அந்த இலையைத்தான் நீங்கள் ஓரம் கத்தரித்து, பின்னணியை மங்கலாக்கி, இல்லாமலே ஆக்கிவிடுகிறீர்கள். புழுவின் ஒவ்வொரு முடியும் தெளிவாகத் தெரிகிறது. அது தின்றுகொண்டிருந்த செடி எது என்று கேட்டால் பதில் இல்லை.

தளத்தின் விதி உங்களுக்குத் தெரியும்: ஒரு பதிவுக்கு ஓர் உயிர். எருக்கிலையில் வரிவரியாக ஒரு புழு இருந்தால் அது இரண்டு பதிவு. ஒரே படத்தை இரண்டுக்கும் போடலாம், தப்பில்லை. சிலர் அப்படிப் போடவும் செய்கிறார்கள். ஆனால் அதோடு விட்டுவிடுகிறார்கள். புழு ஒரு பக்கம், எருக்கு ஒரு பக்கம். அந்தப் புழு இருந்தது இந்த எருக்கில்தான் என்று யார் வந்து சொல்வது?

சொல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். பறவைகள் விரும்பித் தின்னாத பூச்சி அது. டனாய்டு எக்ஃப்ளை என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் அதே ஆரஞ்சு நிறத்தையும் கறுப்பு வெள்ளை இறக்கை நுனியையும் போட்டுக்கொண்டு, அந்தப் பாதுகாப்பில் ஓசியில் பிழைக்கிறது. பின்னிறக்கையின் கரும்புள்ளிகளைப் பார்த்துப் பிரித்துவிடலாம்தான். இறக்கை கிழிந்திருந்தால்? படம் தூரத்திலிருந்து எடுத்ததாக இருந்தால்? அப்போது கைகொடுப்பது செடி. வரியன் முட்டை வைப்பது எருக்கிலும் அதன் உறவுச் செடிகளிலும். எக்ஃப்ளையோ தரையோடு தரையாகப் பறந்து பருப்புக்கீரையைத் தேடும். முட்டையிடும் படத்தோடு பருப்புக்கீரைப் பதிவு ஒன்று இணைந்திருந்தால், அடையாளம் சொல்கிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புழு இருக்கிற செடியெல்லாம் அதன் உணவுச்செடி ஆகிவிடாது. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து தோட்டங்களைப் பாழாக்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளைப் பஞ்சுக்குள் ஏப்ஃப்ளை என்ற சிறிய பூச்சியின் புழு கிடக்கும். கூட்டுப்புழு ஆனதும் குரங்கு மூஞ்சி தெரியுமே, அதேதான். அந்தப் புழு பப்பாளி இலையைத் தொடாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அங்கே 'உணவுச்செடி பப்பாளி' என்று பதிந்தால் தவறான தகவல் ஏறிவிடும். எனவே தின்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் தின்றது என்று எழுதுங்கள். மற்றபடி 'மேலே இருந்தது' போதும். கூட்டுப்புழுவுக்கும் அப்படியே. புழு செடியை விட்டிறங்கி எங்கோ சுவரில் போய்க் கூடு கட்டுவது சகஜம்.

சரி, எப்படி இணைப்பது? இணையதளத்தில் பதிவைத் திறந்தால் 'அப்சர்வேஷன் ஃபீல்ட்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. அங்கே பொருத்தமான புலத்தை, அதாவது கூடுதல் தகவல் நிரப்பும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மற்றப் பதிவின் முகவரியை ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கத்தில் தானாக வராது, இரண்டிலும் ஒட்டுங்கள். குறிப்பில் 'எருக்கில் எடுத்தது' என்று எழுதினால் படிக்கிற மனிதருக்குப் புரியும். ஆனால் குளோபி போன்ற உயிரின உறவுத் தரவுத்தளங்கள் அள்ளிக்கொள்வது புலங்களில் இருப்பதைத்தான்.

தொல்லை என்னவென்றால் இந்தப் புலங்களைப் பயனர்கள் யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஒரே விஷயத்துக்கு வேறுவேறு பெயரில் பல புலங்கள் கிடக்கின்றன. ஆளுக்கு ஒன்றில் போட்டால் திரட்டுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். தள நிர்வாகம் இந்த இணைப்பை ஒரு பொத்தானாகவே வைத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் புகார். அது வரும்போது வரட்டும்.

மறக்காமல் ஒன்று. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் சரியான இடத்தைத் தளமே மறைத்துவிடுகிறது. சுமார் 20 கிலோமீட்டர் நீள அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி மட்டும் தெரியும். இப்போது வால்பாறைப் பக்கம் ஒரு மரப்பொந்தில் பெரிய இருவாச்சி அடைகாக்கிறது, ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது என்று வையுங்கள். பறவையின் இடம் மறைந்துவிட்டது. நீங்கள் ஆர்வமாக அந்த மரத்தையும் தனியே பதிந்து இரண்டையும் இணைத்தால், கூட்டுக்கு நீங்களே வழிகாட்டிவிட்டீர்கள். மரத்தின் இடத்தையும் மறையுங்கள், அல்லது இணைக்காமல் விடுங்கள். இந்த விஷயத்தில் நான் கறார்.

ஒரே புழுவை நாலு நாள் தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் இந்த இணைக்கும் வேலை உண்டு. மரங்களின் பருவ மாற்றங்களைக் குறிக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் மரத்தை ஒருமுறை பதிந்துவிட்டு அதே மரத்தை வாராவாரம் பார்த்துக் குறிக்கிறோம் அல்லவா? இங்கே அந்த வசதி இல்லை. ஒவ்வொரு நாளும் புதுப் பதிவு. முட்டை, புழு, கூடு, பூச்சி என்ற நாலும் ஒரே உயிர் என்பது எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு 'சிமிலர் அப்சர்வேஷன் செட்' என்ற புலம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. முதல் பதிவின் முகவரியையே எல்லாவற்றிலும் ஒட்டினால் போதும்.

செடிக்கும் புழுவுக்கும் 'அசோசியேட்டட் அப்சர்வேஷன்' என்ற புலத்தையே எல்லோரும் பயன்படுத்தலாம் என்பது என் யோசனை. வேறு நல்லது தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை முடிந்து எருக்கும் கிலுகிலுப்பையும் பூச்சிகளால் நிறைவதற்குள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் நல்லது. அப்புறம், செடியைத் தனியாக இரண்டு படம் எடுங்கள்: இலையின் அடிப்புறம் ஒன்று, இலை தண்டோடு சேரும் இடம் ஒன்று. பூவோ காயோ இருந்தால் அதையும். பெயர் சொல்வது என் பொறுப்பு.

இப்படிக்கு,
செடிப் பதிவுகளில் உங்களுக்குப் பெயர் சொல்லும் ஒருவன்