உடுத்திவிட்ட கைகளுக்கு நன்றி

தமிழக-கேரள எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இருக்கிற அன்பு உறவுகளுக்கு, எங்கள் கத்தோலிக்கப் பங்கின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஆயத்தக் குழுவின் வணக்கம்.

திருவிழிப்புக்கு இரண்டு நாளே இருந்த பெரிய வியாழன் மாலை எங்கள் ஆயத்தங்கள் குலைந்துபோனதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. களியக்காவிளையிலிருந்து பாறசாலை வரை அதை அறியாதவர் கிடையாது. பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாட்டில், 9 பேரும் திருமுழுக்குப் பெற்றார்கள், 9 பேரும் வெள்ளாடையோடும் எரியும் திரியோடும் பீடத்தின் முன் நின்றார்கள். அதைச் சொல்லும்போதே இன்னும் தொண்டை அடைக்கிறது.

ஜெனரேட்டரோடு ஓடிவந்தவர்கள், தொட்டிக்குத் தண்ணீர் சுமந்த தம்பிமார், இரண்டு மொழியிலும் பாடிய பாடகர் குழு, நள்ளிரவில் வண்டிகளை ஒழுங்குபடுத்திய பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள், எல்லாருக்கும் கட்டன்காப்பி போட்டுக்கொண்டே இருந்த அம்மாமார், பாலராமபுரத்திலிருந்து ஒரே போன் பேச்சில் துணி அனுப்பிய நெசவாளர் வீட்டார், கேட்காமலே துவர்த்து (துவட்டும் துண்டு) கொண்டுவந்து கொடுத்த வீடுகள். உங்கள் எல்லாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது, மன்னியுங்கள்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதாமல் இருக்க முடியவில்லை. பாறசாலைப் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் அந்த அக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. மாலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறவர்.

துணியையும் அளவுச் சீட்டையும் கொண்டுபோய் வைத்தபோது, எத்தனை, எப்போது, எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டது இதுதான்: “நனஞ்ச மேலுக்கா உடுத்தப் போறீங்க, துவர்த்திட்டா?”

இத்தனை ஆண்டுகளாகச் சடங்கை ஆயத்தம் செய்கிறோம், இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. சடங்கின் வரிசை எங்களுக்கு மனப்பாடம். புனிதர் மன்றாட்டுமாலை, தண்ணீரை மந்திரித்தல், பாவத்தை விட்டுவிடுதல், விசுவாச அறிக்கை, மூன்றுமுறை தண்ணீர் ஊற்றுதல், வெள்ளாடை, எரியும் திரி, உறுதிபூசுதல், பிறகு நற்கருணை. இந்த வரிசையில் தண்ணீருக்கும் வெள்ளாடைக்கும் நடுவே ஒரு மனித உடம்பு சொட்டச்சொட்ட நனைந்து நிற்கிறது. நாங்கள் சடங்கைப் பார்த்தோம், அக்கா உடம்பைப் பார்த்தார்.

இனி ஆயத்தம் செய்யும் பங்குகளுக்கு உதவுமே என்று, அவர் சொன்னதையும் செய்ததையும் அப்படியே எழுதுகிறோம்.

தறியிலிருந்து வந்த துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அப்படியே தைத்தால் நனைந்த உடம்பில் முதலில் விறைக்கும், பிறகு பிசுபிசுக்கும். துவைத்ததும் மீட்டருக்கு 4, 5 சென்டிமீட்டர் வரை சுருங்கவும் செய்யும். கணுக்கால் வரை வெட்டியது கெண்டைக்காலுக்கு ஏறிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் இரண்டு தண்ணீர் மாற்றி அலசி, நிழலில் உலர்த்தி, ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே தேய்க்க வேண்டும். அவசரம் என்று நாங்கள் கெஞ்சியும் இந்த ஒரு இரவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்தது, ஒட்டுதல். பருத்தி இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரைதான் துணி வெண்மையாகவும் மறைப்பாகவும் தெரியும். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளிச்சம் ஊடுருவிவிடும். தண்ணீரில் இறங்கும்போது போட்டிருந்து, இப்போது அடியில் இருக்கும் தவிட்டுநிற அங்கி திட்டுத்திட்டாகத் தெரிந்து, வெள்ளாடை அழுக்காடை மாதிரி ஆகிவிடும். பெண்களுக்கு அதைவிடச் சங்கடம். ஆகவே தோளிலிருந்து இடுப்புவரை இரட்டைத் துணி வைத்தார். 44 அங்குல அகலத்தில் ஒருவருக்கு நாலரை மீட்டர் ஆனது, 9 பேருக்கு நாற்பதரை மீட்டர்.

கை அகலத்தையும் குறைத்தார். படங்களில் பார்க்கிற மாதிரி தொங்குகிற கை வேண்டும் என்பது எங்கள் ஆசை. “திரி பிடிக்கிற கையில்லா? தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?” என்று கேட்டு, மணிக்கட்டுச் சுற்றளவை 30 சென்டிமீட்டரோடு நிறுத்திவிட்டார். ஞானப்பெற்றோர் பாஸ்கா திரியிலிருந்து நெருப்பை எடுத்துக் கையில் கொடுக்கும் அந்தக் கணத்தில், கூட்டத்தில், இருட்டில், தொங்குகிற பருத்தித் துணி எவ்வளவு ஆபத்து என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒன்று செய்தார். நாங்கள் கொடுத்த மாதிரி தலைவழியாகப் போடுகிற அங்கி. நனைந்த தலையில் நனைந்த கையில் அது பாதியில் சிக்கும். கண் மறைந்து, இரு கையும் மேலே தூக்கியபடி, ஊர் பார்க்க நிற்க வேண்டிவரும். அக்கா அதை முன்பக்கம் முழுக்கத் திறந்த ஆடையாக மாற்றினார். ஒரு பக்கம் மற்றதன்மேல் 20 சென்டிமீட்டர் ஏறி விழும். உள்ளே ஒரு நாடா, வெளியே ஒரு நாடா, பொத்தான் கிடையாது. ஞானத்தாயோ ஞானத்தந்தையோ பின்னால் நின்று தோளில் போட்டு, கையை நுழைத்துவிட்டு, முன்னால் வந்து முடிச்சிட்டால் வேலை முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த அரை நிமிடத்தில் கோயிலில் பலர் அழுதார்கள். காரணம் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. முன்பெல்லாம் ஆடையைக் கையில் கொடுப்போம், அவர்கள் போய் உடுத்து வருவார்கள். இந்த முறை வளர்ந்த ஆண்களையும் பெண்களையும் இன்னொருவர் உடுத்திவிட்டார், குளிப்பாட்டிய பிள்ளைக்கு அம்மா உடுத்திவிடுவதுபோல. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் எந்த வயதினராக இருந்தாலும் புனித அகுஸ்தீனார் அவர்களைக் குழந்தைகள் என்றே அழைத்தார். வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறோம், அன்றைக்குத்தான் கண்ணால் கண்டோம்.

ஊதாரி மைந்தன் உவமையில் தந்தை தன் கையால் ஆடை எடுத்துவரவில்லை. பணியாளர்களைக் கூப்பிட்டு, முதல்தரமான ஆடையைக் கொண்டுவந்து இவனுக்கு உடுத்துங்கள் என்கிறார். நாம் தந்தையைப் பற்றிப் பேசுகிறோம், இளையவனைப் பற்றிப் பேசுகிறோம், மூத்தவனையும் விடுவதில்லை. ஆடையைத் தேடி எடுத்து, பன்றித்தொழுவத்தின் நாற்றம் வீசுகிற அந்த உடம்பில் முகம் சுளிக்காமல் உடுத்திவிட்ட பணியாளர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அக்கா, இனி அந்தப் பகுதியை வாசிக்கிறபோதெல்லாம் எங்களுக்கு உங்கள் நினைவுதான் வரும்.

இன்னொன்றும் அவர் செய்திருந்தார். சனிக்கிழமை மாலை பொட்டலத்தைப் பிரித்தபோது ஒவ்வொரு ஆடையின் கழுத்துக்கு உள்பக்கமும் நீல நூலில் ஒரு பெயர். 6 பெயர் தமிழ் எழுத்தில், 3 பெயர் மலையாள எழுத்தில். ஒன்றுபோல இருக்கிற 9 ஆடை இருட்டில் மாறிவிடக் கூடாதே என்று தைத்தாராம். திருமுழுக்குப் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. அளவுச் சீட்டில் இருந்த பெயர்தான் தெரியும், வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

எங்களுக்குள் ஒரு சின்னத் தயக்கம் வந்தது உண்மை. புது மனிதராக எழும்புகிறவரின் ஆடையில் பழைய பெயரா? பிரித்துவிடலாமா? உபதேசியார் ஐயா வேண்டாம் என்றார், அதுதான் சரி. திருச்சபைச் சட்டம் கேட்பது கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயர் வைக்கக் கூடாது என்பதை மட்டுமே. புனிதர் ஒருவரின் பெயருக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் 9 பேரில் 4 பேர் அம்மா வைத்த பெயரோடேயே தண்ணீரில் இறங்கினார்கள்.

திருமுழுக்கில் எதைக் களைய வேண்டும், எதைக் களையக் கூடாது என்பதில்தான் நிறையக் குழப்பம் வருகிறது. பேச்சை மாற்றுகிறார்கள், சாப்பாட்டை மாற்றுகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துகிறார்கள். கோபம் மட்டும் அப்படியே இருக்கும், சாதிப் பேச்சும் அப்படியே இருக்கும். திருத்தூதர் பவுல் கொலோசையருக்கு எழுதும்போது களைய வேண்டியவற்றைத் தெளிவாகவே சொல்கிறார்: சினம், சீற்றம், தீமை, பழிச்சொல், வெட்கக்கேடான பேச்சு, பொய். உடுத்த வேண்டியதையும் சொல்கிறார்: இரக்கம், பரிவு, மனத்தாழ்மை, கனிவு, பொறுமை. தாய்மொழியையோ தாய் வைத்த பெயரையோ களையச் சொல்லவில்லை. கலாத்தியருக்கு எழுதிய மடலில் கிறிஸ்துவை அணிந்துகொண்டீர்கள் என்ற வரிக்கு அடுத்த வரியே, யூதர் கிரேக்கர் என்றும் அடிமை உரிமைக்குடி என்றும் இனி வேறுபாடு இல்லை என்பது. அந்த ஆடையை உடுத்தவர் சாதியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க முடியாது.

இதற்கு நாம் தூரம் போக வேண்டாம், புனித தேவசகாயம் பிறந்த நட்டாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பிறந்த நீலகண்டன் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று லாசர் ஆனார். அந்தப் பெயரின் பொருளைத் தமிழில் சொன்னதுதான் தேவசகாயம். அதற்கு அவர் கொடுத்த விலை 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது தெரிந்தது. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. ஊர் இருந்தது, மொழி இருந்தது, ஆள் இருந்தார். உதிர்ந்தது பட்டம்.

எனவே நீல நூல் அப்படியே இருக்கிறது, அக்கா.

இந்த நன்றியோடு ஒரு நேர்ச்சையும் செய்கிறோம். ஆதித் திருச்சபையில் புதியவர்கள் எட்டு நாளும் வெள்ளாடையிலேயே இருப்பார்கள். பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறுக்கு ‘வெள்ளாடை ஞாயிறு’ என்ற பழைய பெயர் வந்தது அதனால்தான். ஆடையைக் கழற்றி வைத்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. தவக்காலம் முழுக்க வாரந்தோறும் கூட்டம் இருக்கும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பார்வையற்றவர், லாசர் என்ற நற்செய்திப் பகுதிகளோடு, திருமுழுக்குப் பெறப்போகிறவர்களுக்காக மன்றாடும் ஆய்வுச் சடங்கும் நடக்கும். திருவிழிப்பு முடிந்ததும் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். நம் பங்குகளில் புதியவர்கள் வாடிப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அவர்களுக்கு விசுவாசம் குறைந்துபோனதால் அல்ல, வந்து விசாரிக்க ஆளில்லாததால். பவுல் கொலோசையருக்கு எழுதிய கிரேக்கத்தில், பழைய மனிதரைக் களைந்ததும் புதிய மனிதரை உடுத்ததும் ஒருமுறை நடந்து முடிந்த செயல்கள், அந்தப் புதிய மனிதர் புதுப்பிக்கப்படுவது மட்டும் நடந்துகொண்டே இருப்பது. அந்த நடந்துகொண்டே இருப்பதற்கு ஆள் வேண்டும்.

ஆகவே பெந்தக்கோஸ்து வரைக்கும் 50 நாளும் ஒவ்வொரு புதியவர் வீட்டுக்கும் வாரம் ஒருமுறை எங்களில் இருவர் போவோம். வகுப்பு எடுக்க மாட்டோம். அந்த வார நற்செய்தியை ஒருமுறை வாசிப்போம், வேலையிடத்திலும் வீட்டிலும் எது இடிக்கிறது என்று கேட்போம், காப்பி கொடுத்தால் குடிப்போம், அரை மணிநேரத்தில் எழும்பிவிடுவோம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூவரின் வீட்டுக்கு மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்தான் போவார். அடுத்த ஆண்டு முதல், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முடிந்த வாரமே துணி எடுத்து நனைத்துவிடுவோம் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடை பெற்றவர்களுக்கு அக்கா சொல்லி அனுப்பியவை: மெழுகு சிந்திய இடத்தைச் சுரண்ட வேண்டாம். ஐஸ் வைத்து உதிர்த்துவிட்டு, மேலும் கீழும் காகிதம் வைத்துத் தேய்த்தால் மீதியைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். கழுத்தில் கிறிஸ்மா எண்ணெய் (உறுதிபூசுதலில் பூசுவது) பட்டிருந்தால் அரிசிமாவு தூவி ஒரு மணிநேரம் விட்டு, பிறகு சோப்புப் போட்டு வெந்நீரில் அலசுங்கள். அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடிமூட்டில் ஊற்றச் சொல்லி எங்கள் பங்குத்தந்தை சேர்த்துக்கொண்டார். 9 பேரில் இளையவளான 16 வயதுப் பிள்ளைக்கு மட்டும் தனிக் குறிப்பு: “கீழ மடிப்புக்குள்ள பத்து சென்டி விட்டிருக்கேன் மக்களே, நீ இன்னும் வளருவே. அப்போ பிரிச்சு விட்டுக்கோ.”

கூலி என்று நாங்கள் நீட்டியதில் நூல் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் அடுத்த ஆண்டுக்கான துணிக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம்.

வீடுகளிலிருந்து வந்த துவர்த்துகளைத் துவைத்து மடித்துக் கோயில் அலுவலகத்துத் திண்ணையில் வைத்திருக்கிறோம். மொத்தம் 23. ஞாயிறு பூசை முடிந்ததும் அவரவருடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
திருமுழுக்கு ஆயத்தக் குழுவினர்